கொப்பியில் இல்லாத அடி

வினோஜா பந்து தைத்துக்கொண்டிருந்தாள். நெல் மூட்டை தைக்கிற கோணூசியில் வலை பின்னுகிற நைலோன் நூலைக் கோத்து, வாய் பிளந்து கிடந்த பேஸ்போல் பந்தின் தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, ஓட்டைக்கு ஓட்டை குத்தி இறுக்கினாள். பூவரசங்குளத்து மைதானம் கிரவல் கல்லும் நெருஞ்சியுமாகக் கிடப்பது. புதுப் பந்து ஒன்று அங்கே ஒரு மாதம் தாங்கினால் பெரிய விசயம். விளையாட்டுக் கழகத்துப் பெண்களில் பந்து தைக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்குப் பழக்கிவிடும் எண்ணம் அவளுக்கு இருந்ததில்லை.

முதுகுப் பக்கம் மட்டை பந்தில் பட்ட சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. நுனியில் பட்டால் சத்தம் உடைந்து வரும். பிடிக்குக் கிட்டப் பட்டால் அடித்தவள் கையை உதறுவாள். நடுவில், பட வேண்டிய இடத்தில் பட்டால் மட்டும் ஒரு குறுகிய, இறுகிய சத்தம் கேட்கும். கேட்டது அந்தச் சத்தம். அடித்தவள் நிசாந்தினி என்பது பார்க்காமலே தெரிந்தது.

"பாலை மரத்துக்கு அங்காலை போயிட்டுது" என்று யாரோ சொன்னார்கள். ஊசி வினோஜாவின் பெருவிரலில் ஏறியது.

நாலு மாதமாக இதுதான் கதை. நிசாந்தினி அடிக்கிறாள், வினோஜாவின் வயிறு எரிகிறது.

வினோஜாவுக்கு முப்பத்தாறு வயது. அவளுடைய பாட்டனார் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளத்து நீர்ப்பாசனத் திட்டத்தில் காணி பெற்று, வயல் செய்து நின்ற குடும்பம். பள்ளிக்கூடத்தில் அவள் எல்லே விளையாடினாள், பொல்லால் பந்தடித்து ஓடுகிற விளையாட்டு. மூங்கில் பொல்லோடு அவள் நின்றால் எதிர்ப்பக்கத்துப் பெட்டைகள் தாங்களாகவே பின்னுக்குப் போவார்கள். வவுனியாவில் இன்றைக்கும் அவளை 'எல்லே வினோஜா' என்றால்தான் தெரியும். கலியாணம் கட்டி, மகளைப் பெற்று, ஆறு மாதப் பராமரிப்புப் பயிற்சி முடித்து, நெளுக்குளத்தில் சிற்றம்பலம் என்ற முதியவரைப் பார்க்கிற வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும், பின்னேரம் நாலு மணிக்கு அவளை மைதானத்தில்தான் காணலாம்.

ஐந்து வருடத்துக்கு முன் பேஸ்போல் வந்தது. இரண்டு மட்டையும் ஒரு பை பந்தும் வந்தன. அவற்றோடு கனகலிங்கம் சேரின் கொப்பியும் வந்தது.

கனகலிங்கம் சேர் ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். கொழும்பில் மூன்று நாள் வகுப்புக்குப் போய், சிங்களத்தில் சொன்னதைத் தனக்குத் தெரிந்த மட்டில் தமிழாக்கி, நாற்பது பக்கம் எழுதிக்கொண்டு வந்தவர். மூன்று நாளில் பிடிபடாத இடங்களைத் தன் மூளையால் நிரப்பியிருந்தார். பின்முழங்கையைக் காதளவுக்குத் தூக்கு. மட்டையை மேலேயிருந்து கீழே இறக்கு, விறகு கொத்துகிற மாதிரி. பின்கால் நுனியால் தேளை நசுக்குகிற மாதிரி நின்ற இடத்திலேயே திருகு. பந்து படும்போது மணிக்கட்டை உருட்டு. பந்து மட்டையில் முட்டுகிறதைக் கண்ணால் பார். பாரமான மட்டை எடு, பாரம்தான் பந்தைத் தள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, கையைப் பலப்படுத்து.

பெண்கள் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. வன்னியில் விறகு கொத்தாத கை எது, தேள் மிதிக்காத கால் எது? சொன்னதெல்லாம் கைக்கும் காலுக்கும் பழகிய காரியமாக இருந்தது. வினோஜா எல்லாவற்றையும் வரி பிசகாமல் பழகினாள். பழகி, மாவட்ட அணியில் நாலாவதாக அடிக்கிறவள் ஆனாள். நாலாவது என்பது அணியின் மிகப் பலமான அடிகாரிக்கு வைத்த இடம். அவள் அடித்த பந்து பெரும்பாலும் தரையோடு உருண்டது. கிரவலில் உருளும் பந்து எங்கே துள்ளும் என்று பிடிக்கிறவளுக்கும் தெரியாது, அதனால் அவள் ஓடித் தப்பிவிடுவாள். அது தன் அடியின் கெட்டித்தனம் என்று ஐந்து வருடம் நினைத்திருந்தாள்.

நிசாந்தினி வந்தது தை மாதத்தில். இருபத்து நாலு வயது. மைதானத்துக்குப் பின்னால் இருக்கிற குடியிருப்பில் தாய் மீனம்மாவோடு இருக்கிறாள். அவளுடைய பாட்டனார் பழனியாண்டி, கலவரத்துக்குப் பயந்து மலைநாட்டிலிருந்து இறங்கி வந்து காடு வெட்டியவர். வெட்டிய காட்டுக்கு உறுதிப் பத்திரம் கிடைக்கவில்லை. அந்தக் குடும்பம் இன்றைக்கும் மற்றவர்களின் வயலில்தான் நிற்கிறது. வினோஜாவின் தகப்பன் வயலிலும் நிசாந்தினி இரண்டு போகம் வரம்பு கட்டியிருக்கிறாள்.

முதல் நாள் அவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள். இரண்டாம் நாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றாள். மூன்றாம் நாள் கனகலிங்கம் சேர் பகிடிக்கு மட்டையைக் கொடுத்தார். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து நின்றாள். இருந்ததில் மெல்லிய மட்டையை எடுத்தாள். முழங்கை தொங்கியது. சேர் வாயைத் திறந்து திருத்துவதற்கு முன் பந்து வந்துவிட்டது. போயும் விட்டது. கிரவலில் படாமல், ஆகாயத்தில் ஏறி, பாலை மரத்தடியில் படுத்திருந்த மாட்டை எழுப்பியது.

சேர் கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "எல்லாம் பிழை. ஆனா பந்து போகுது. இருக்கட்டும், அவசரமில்லை, ஆறுதலாத் திருத்துவம்" என்றார்.

அவர் ஆறுதலாகவே இருந்தார். ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. சித்திரையில் அணிப் பட்டியலைத் தகரக் கொட்டகைச் சுவரில் ஒட்டினார். நாலாவது இடத்தில் நிசாந்தினியின் பெயர் இருந்தது. வினோஜாவின் பெயர் ஆறாவது.

வினோஜா பட்டியலைப் படித்துவிட்டுச் சிரித்தாள். நிசாந்தினியின் முதுகில் தட்டிக்கொடுத்தாள். வீட்டுக்குப் போகிற வழியில் ஸ்கூட்டியை நிறுத்தி, ஒரு மதகில் குந்தியிருந்து, எங்கள் வரம்பு கட்ட வந்தவள் என்று நினைத்தாள். அந்த நினைப்பு வந்ததை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. வந்தது உண்மை.

அதற்குப் பிறகுதான் அவள் நிசாந்தினியைப் போனில் படம் பிடித்தாள். திருத்துவதற்கு உதவும் என்று சேரிடம் காரணம் சொன்னாள். பிழையை எண்ணிப் பார்க்க வேண்டும், எத்தனை பிழை இருக்கிறது என்று ஆறுதலாக இருந்து எண்ணினால் மனம் கொஞ்சம் குளிரும் என்பதுதான் அவள் கணக்கு. பின்னேரம் குசினியில் கதிரையைப் போட்டு, படத்தை மெதுவாக ஓடவிட்டாள். கணவன் ஜனார்த்தனன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பெட்டை நல்லா அடிக்கிறாள் என்ன" என்றார். அன்று அவருக்குக் கிடைத்த தேத்தண்ணீரில் சீனி இல்லை.

எண்ணினாள். முழங்கை தாழ்ந்திருக்கிறது, பிழை. பாதம் தேளை நசுக்கவில்லை. பாரம் முன்காலுக்குப் போய், பின்காலின் பெருவிரல் மட்டும் தரையைத் தடவிக்கொண்டு நிற்கிறது, பிழை. முதலில் திரும்புவது இடுப்பு, தோள் அதன் பிறகு, கை எல்லாவற்றுக்கும் கடைசி. மட்டை கீழே போய், பந்துக்குச் சற்றுக் கீழிருந்து மேல் நோக்கி வருகிறது, பெரிய பிழை. மணிக்கட்டு உருளவில்லை, பந்து போன பிறகுதான் உருள்கிறது. கண்ணும் மட்டையில் இல்லை. தலை அசையாமல், முகம் பந்து வந்த பக்கம் நிற்கிறது. மட்டையும் பாரமில்லாதது. ஏழு பிழை. ஏழையும் ஒன்றாகச் செய்து பந்தை மரத்துக்கு மேலால் அனுப்புகிறாள்.

மனம் குளிரவில்லை.

அடுத்த நாள் காலை சிற்றம்பலம் ஐயாவைக் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்ற வேண்டியிருந்தது. பாரிசவாதத்தில் இடப்பக்கம் விழுந்த மனிதர். எண்பது கிலோவுக்குக் குறையாது. இந்த வேலையை அவள் ஒரு நாளைக்கு நாலு தரம் செய்கிறவள். அன்றைக்கு நினைப்பு வேறெங்கோ நின்றதால், இடுப்புப் பட்டியைப் பிடித்து வெறும் கையால் இழுத்தாள். ஐயா பாதி எழும்பித் திரும்பக் கட்டிலில் விழுந்தார். அவளுடைய முதுகின் அடியில், நாரியில் ஒரு பிடிப்பு ஓடியது.

"பிள்ளை, நான் என்ன உரப் பையே?" என்றார் ஐயா. வாய் ஒரு பக்கம் கோணினாலும் அவருடைய நக்கல் கோணவில்லை. "ஆரிலை கோபம்? அவையளைத் தூக்கு."

அவள் மன்னிப்புக் கேட்டு, ஒழுங்காக நின்றாள். காலை அகட்டி, முழங்காலை மடக்கி, பாரத்தைப் பின்காலில் எடுத்து, ஒண்டு ரெண்டு மூண்டு சொல்லி, பாரத்தை முன்காலுக்கு மாற்றிக்கொண்டே இடுப்பைத் திருப்பினாள். கை பட்டியைப் பிடித்திருந்தது மட்டும்தான். ஐயா கதிரையில் வந்து இருந்தார், ஒரு தலையணை மாறிய மாதிரி.

வினோஜா அப்படியே நின்றாள். பின்கால், முன்கால், இடுப்பு, கடைசியில் கை. எட்டு வருடமாகக் காலையும் பின்னேரமும் செய்கிற காரியம் இது. பயிற்சியில் முதல் நாள் சொல்லிக்கொடுத்ததும் இதுதான்: கை பிடிக்கிறதுக்கு, தூக்கிறது கால். நேற்றுப் போனில் பார்த்ததும் இதுதான். அப்போது பிழை நிசாந்தினியிடம் இல்லை. கொப்பியில் இருக்கிறது.

நிசாந்தினி இதை எங்கே பழகினாள் என்பதும் அன்று பகலே தெரிந்துவிட்டது. சிறுபோகத்துக்கு வரம்பு கட்டுகிற நாட்கள். வீட்டுக்குப் போகிற வழியில் பார்த்தாள்: பெண்கள் வரிசையாகச் சேற்றில் நின்று, மண்வெட்டியைத் தாழ விட்டு, ஈர மண்ணை அள்ளி, இடுப்பை ஒரு திருப்புத் திருப்பி வரம்பில் எறிந்துகொண்டிருந்தார்கள். கீழிருந்து மேலே. விறகு கொத்துகிறவளின் கை மேலேயிருந்து கீழே வரும். எறிகிறவளின் கையிலிருந்து வருகிற பந்தும் சரிந்து இறங்கியே வரும். இறங்குகிற பந்தை இறங்குகிற மட்டையால் வெட்டினால் இரண்டும் ஒரு கணம்தான் சந்திக்கும். வரம்புக்கு மண் எறிகிற மாதிரி வந்தால் பந்தின் பாதையிலேயே மட்டையும் வரும். இவ்வளவு நேரான விசயம் ஐந்து வருடம் அவளுக்குத் தெரியவில்லை. வரம்பு கட்ட வினோஜா வீட்டில் ஆள் பிடிப்பது வழக்கம். அவள் மண்வெட்டி பிடித்ததில்லை.

அன்று தொடக்கம் அவள் எல்லோருக்கும் முதல் மைதானத்துக்குப் போனாள். பிளாஸ்டிக் குழாயை நிலத்தில் நட்டு, அதன் மேல் பந்தை வைத்து, முழங்கையைத் தாழ்த்தி, மெல்லிய மட்டையால், இடுப்பைத் திருப்பி அடித்தாள். பந்து பறந்தது. வாழ்க்கையில் முதல் தரம் அவளுடைய பந்து பறந்தது. ஆனால் ஆள் எறிய வந்த பந்துக்கு முன்னால் உடம்பு பழையபடி முழங்கையைத் தூக்கியது, காலடியில் தேளை நசுக்கியது. உடம்பு பழகியதை மூளை சொல்லி மாற்ற நாள் எடுக்கும். சிற்றம்பலம் ஐயாவிடம் அவள் இதைத் தினமும் சொல்கிறவள். தனக்கு அந்த நாள் இல்லை. வடமாகாணப் பெண்கள் அணிக்கு அடிக்கிறவர்களில் ஒரு இடம்தான் மிச்சம். தெரிவாளர்கள் வருகிற சனிக்கிழமை முல்லைத்தீவு அணியோடு நடக்கிற ஆட்டத்தைப் பார்க்க வருகிறார்கள். அடுத்த வருடம் முப்பத்தேழு வயதுக்காரியை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், எல்லோரும் போன பிறகு, நிசாந்தினி அவளிடம் வந்தாள். வீட்டில் மலைநாட்டுப் பேச்சும் வெளியில் வவுனியாப் பேச்சும் அவளுக்கு. பதற்றம் வந்தால் இரண்டும் கலந்துவிடும்.

"அக்கா, நாளைக்குப் பெரிய ஆக்கள் வருவினமாம். நான் நிக்கிறதே பிழை எண்டு சேர் எப்பவும் சொல்லுறார். அவங்க பாத்துச் சிரிச்சிட்டா? நீங்க நிக்கிற மாதிரி ஒருக்கா சொல்லித் தாங்கக்கா."

வினோஜாவுக்குச் சரியான மறுமொழி தெரியும். ஒண்டும் மாத்தாதை, போய்ப் படு. நாலு சொல்லில் முடிகிற மறுமொழி.

அவள் பையிலிருந்து பாரமான மட்டையை எடுத்தாள். "இஞ்சை வா" என்றாள். பொறுமையாக, நோயாளிக்கு நடை பழக்குகிறவள் மாதிரி, நிசாந்தினியின் முழங்கையைப் பிடித்துக் காதளவுக்கு உயர்த்தினாள். விறகு கொத்துகிற மாதிரி என்றாள். தேளை நசுக்கு என்றாள். மணிக்கட்டை எப்போது உருட்டுவது என்று தன் கையை அவள் கைமேல் வைத்தே காட்டினாள். பந்து முட்டுகிறதைக் கண்ணால் பார்க்காவிட்டால் தெரிவாளர்களுக்குப் பிடிக்காது என்றும் சேர்த்தாள். நிசாந்தினி ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிச் செய்தாள். மண்வேலை செய்கிற உடம்பு, சொன்னதைக் கெதியில் பிடித்தது. ஒரு மணித்தியாலத்தில் அவள் கொப்பியில் எழுதிய மாதிரியே நின்றாள்.

வினோஜா சொன்னதில் ஒன்றும் அவள் இட்டுக்கட்டியதில்லை. எல்லாம் சேரின் கொப்பியில் இருப்பது, எல்லோரும் சரியென்று நம்புவது. நாளைக்கு யார் வந்து கேட்டாலும் அவளை ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அதை நினைத்துத்தான் அன்று நன்றாகச் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை நிசாந்தினி மூன்று தரம் அடிக்க வந்தாள். முதல் தரம் மூன்று பந்தையும் தவறவிட்டாள். இரண்டாம் தரம் பந்து எறிந்தவளின் காலடிக்கே உருண்டது. மூன்றாம் தரம் முழங்கையைக் கொஞ்சம் இறக்கினாள். உடனே நினைவு வந்து, வினோஜா இருந்த பக்கம் பார்த்து, தப்புச் செய்த பிள்ளை மாதிரித் திரும்பத் தூக்கினாள். பந்து மறுபடியும் உருண்டது. கனகலிங்கம் சேர் கொட்டகையில் நின்று, இன்றைக்குத்தான் ஒழுங்காக நிற்கிறாள், இன்றைக்குப் பார்த்து அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வினோஜா ஒரு நல்ல அடி அடித்தாள். இரண்டு உருண்டன. முல்லைத்தீவுப் பெட்டைகளும் பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை. தொப்பி போட்ட பெண் தெரிவாளர் பின்னேரம் மூன்று பெயர் வாசித்தார்: முல்லைத்தீவில் இரண்டு பேர், வவுனியாவில் வினோஜா. ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆளுக்குப் பத்துப் பந்து. அதைப் பார்த்து ஒருவரை எடுப்பார்கள்.

அவளுக்குச் சந்தோசம் வர வேண்டும். அவள் அதற்காகக் காத்திருந்தாள். ஆனால் அணிப் பெண்கள் எல்லோரும் நிசாந்தினியைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி அவளுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தாள். இன்னொருத்தி தலை கோதிவிட்டாள். தனக்கு வாழ்த்துச் சொன்னவர்களும் கையைக் குலுக்கிவிட்டு அந்தப் பக்கமே போனார்கள். தோற்றும் அவள்தான் நடுவில் நிற்கிறாள். வினோஜாவுக்கு அதுவும் பொறுக்கவில்லை. வீட்டில் ஜனார்த்தனன், "பாவம் அந்தப் பிள்ளை" என்றார். அவள் சட்டியை வைத்த சத்தத்தில் அவர் எழும்பி வெளியே போனார்.

பொழுது படுகிற நேரம் நிசாந்தினி சைக்கிளில் வந்தாள். உள்ளே வரவில்லை. படலையடியில் நின்று, பாரமான மட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். தெரியாமல் வீட்டுக்குக் கொண்டு போய்விட்டாளாம்.

"நீங்க நல்லாத்தான் சொல்லித் தந்தீங்க அக்கா. எனக்குத்தான் ஏறேல்ல" என்றாள். "நான் இனி வரமாட்டன். நாளையிலயிருந்து அம்மாவோட முழு நாள் வரம்புக்குப் போறன். ஒழுங்காத் தெரியாம இவ்வளவு நாளும் துள்ளிட்டன் போல."

வினோஜா மட்டையை வாங்கி உள்ளே வைத்தாள். நிசாந்தினி ஓரிரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அரிசி கழுவினாள், மகளுக்குத் தலை பின்னினாள், மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். எதிரி மைதானத்தை விட்டே போய்விட்டாள். நாளைக்குப் பத்துப் பந்து. வெல்லலாம். வென்றால், அந்த இடம் எப்படி வந்தது என்பது ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த ஒருத்தி தானேதான், மாகாண அணியில் நிற்கிற நாள் முழுவதும் அவளோடுதான் நிற்க வேண்டும்.

ஞாயிறு காலை வெளிச்சம் வந்த கையோடு வினோஜா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வயல் பக்கம் போனாள். நிசாந்தினி முழங்கால் சேற்றில் நின்று வரம்புக்கு மண் எறிந்துகொண்டிருந்தாள். மீனம்மாவும் மற்றப் பெண்களும் தூரத்தில் நின்றார்கள்.

"வெள்ளிக்கிழமை நான் சொன்னதெல்லாத்தையும் மற" என்றாள் வினோஜா.

"ஏனக்கா?"

"அது பிழை. கொப்பி முழுக்கப் பிழை. நீ உந்த மண்ணை எறியிற மாதிரி அடிக்கிறாய் பார், அதுதான் சரி."

நிசாந்தினி மண்வெட்டியை ஊன்றினாள். "எப்ப தெரியும்?"

"உனக்குச் சொல்லித்தர முதலே தெரியும்."

நிசாந்தினி மண்வெட்டியைத் திரும்ப எடுத்தாள். இன்னும் இரண்டு தரம் அள்ளி எறிந்தாள். இரண்டாவது வினோஜாவின் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. பிறகு கேட்டபோது குரலில் வவுனியா ஒரு துளியும் இல்லை.

"ஏங்க்கா அப்படிச் செஞ்சீங்க?"

"எரிச்சல்."

"என் மேலயா? எனக்கு ஒரு சப்பாத்துக்கூட இல்லியே."

"அதுதான்" என்றாள் வினோஜா. "ஏழு மணிக்குப் பத்துப் பந்து போடுவினம். ஏறு, போவம்."

நிசாந்தினி தாயைப் பார்த்தாள், வினோஜாவைப் பார்த்தாள். வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"வாறன். ஆனா இனிமே நீங்க எனக்கு ஒண்ணும் சொல்லித் தரக்கூடாது."

"சரி."

ஏழு மணிக்கு முன்னமே மைதானத்துக்கு வந்துவிட்டார்கள்.

தெரிவாளர் பெண் பட்டியலைக் காட்டி, மூன்று பெயர்தான், நாலாவது பெயர் சேர்க்க முடியாது என்றார். வினோஜா பெயர் சேர்க்கச் சொல்லவில்லை என்றாள்.

"என்ர பத்திலை அஞ்சை இவளுக்குப் போடுங்கோ. நேற்று நீங்கள் பாத்தது இவளின்ர அடியில்லை. நான் பழக்கின அடி."

"அஞ்சு குறைஞ்சா நட்டம் உங்களுக்குத்தானே?"

"ஓம். அஞ்சுதான் தருவன். மற்ற அஞ்சும் எனக்கு வேணும்."

தெரிவாளர் கனகலிங்கம் சேரைப் பார்த்தார். சேர் கொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு, தனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் மறுப்பும் இல்லை என்றார்.

முல்லைத்தீவுப் பெண்கள் முதலில் அடித்தார்கள். அடுத்து வினோஜா. முழங்கையைத் தாழ்த்தினாள். முதல் இரண்டும் உருண்டன. மூன்றாவது பறந்தது. நாலாவதற்குக் கால் தானாகத் தேளை நசுக்கியது. ஐந்தாவது பறந்தது. அவள் மட்டையைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கினாள். மட்டையைக் கையில் கொடுக்கவில்லை.

நிசாந்தினி மெல்லிய மட்டையைத் தேடி எடுத்தாள். காலில் இன்னும் சேறு இருந்தது. முதல் பந்தைத் தவறவிட்டாள். அதற்குப் பிறகு நாலு பந்து. நாலும் ஏறின. தெரிவாளர் மூன்றாவதிலேயே எழுதுகோலைத் திறந்துவிட்டார். நாலாவதுக்குப் பிறகு பட்டியலின் அடியில் கையால் ஒரு பெயரை எழுதி, மற்ற மூன்றையும் கோடிட்டு வெட்டினார். நாலாவது பெயர் சேர்க்க முடியாது என்று சொன்னதை அவர் மறந்துவிட்டார், அல்லது மறந்த மாதிரி இருந்தார்.

நிசாந்தினி தெரிவாளருக்கு நன்றி சொன்னாள். சேருக்கு நன்றி சொன்னாள். தாய் வரம்பில் தனியே நிற்கிறாள் என்று சொல்லி, வந்த வழியே நடந்து போனாள். வினோஜா கொண்டு போய் விடுகிறேன் என்று கேட்கவில்லை. கேட்டாலும் அவள் ஏறியிருக்க மாட்டாள்.

எல்லோரும் போன பிறகு வினோஜா பந்து பொறுக்கினாள். நிசாந்தினியின் கடைசிப் பந்து பாலை மரத்தையும் தாண்டி, பற்றைக்குள் கிடந்தது. அதை எடுக்க முதல், அடிக்கிற இடத்துக்குத் திரும்ப நடந்து வந்து, அங்கிருந்து காலால் எட்டு வைத்து அளந்துகொண்டு போனாள். தொண்ணூற்றொரு எட்டு. தன்னுடைய ஐந்தாவது பந்து விழுந்த இடத்தையும் அளந்தாள். அறுபத்தெட்டு. இருபத்து மூன்று எட்டு வித்தியாசம். இன்னொரு தரம் அளந்து பார்த்தாள். அதே வித்தியாசம்தான் வந்தது.